மூன்றாம் இலக்க முயல்

ராஜினிக்கு வேலை கொடுத்தவர்கள் முதல் நாளே ஒரு புத்தி சொன்னார்கள்: முயலுக்குப் பெயர் வைக்கக்கூடாது. பெயர் வைத்தால் மனம் ஒட்டும், மனம் ஒட்டினால் கை நடுங்கும், கை நடுங்கினால் ஊசி பிசகும். கிளிநொச்சியில் அந்த ஆய்வுகூடத்தின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே, வலை அடித்த நீளமான அறை ஒன்று இருந்தது. விலங்குக்கூடம் என்று பலகையில் எழுதியிருந்தது. எல்லாரும் முயல்வீடு என்றார்கள். அங்கே ஐந்து வருடமாகப் புல் வெட்டிப் போட்டவள், கூடு கழுவியவள், ஊசி போடும் நேரத்தில் முயலை மடியில் பிடித்துக் கொடுத்தவள் ராஜினி. ஒரு முயலுக்கும் அவள் பெயர் வைக்கவில்லை. சொன்ன சொல் தட்டாத பிறவி. ஒன்றாம் இலக்கம், மூன்றாம் இலக்கம் என்றே கூப்பிட்டாள். அவள் கூப்பிடுகிற விதத்தை மட்டும் கேட்டிருந்தால், புத்தி சொன்னவர்கள் இலக்கத்தையும் தடைசெய்திருப்பார்கள்.

வயது நாற்பத்தைந்து. தகப்பன் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு உடுத்த துணியோடு வன்னிக்கு வந்தவர். அலைந்து திரிந்து கடைசியில் ஜெயபுரத்தில் காணி கிடைத்தது. ராஜினி கட்டிக்கொண்டது உருத்திரபுரத்து யோகலிங்கத்தை. குடியேற்றத் திட்டம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்த குடும்பம். யோகலிங்கம் உழவு மெசின் ஓட்டுகிறவன், வாய் நிறையச் சிரிப்பு, தலைக்குள் பெரிதாக ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டான். மாமியார் அப்படியில்லை. மலையகத்துப் பெட்டை என்று சொல்லி ஒரு வருடம் ராஜினியைக் குசினிக்குள் விடவில்லை. இரண்டாம் வருடம் ஐப்பசியில் கௌரி விரதம் வந்தது. இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு, முகம் சுளிக்காமல், மாமியாரைவிடக் கடுமையாக இவள் விரதம் பிடித்தாள். கடைசி நாள் கோயிலில் ஐயர் இவளுடைய இடது கையில் காப்புக் கட்டினார். அன்று பின்னேரம் மாமியார், "அடுப்பைப் பார், நான் கொஞ்சம் பாயில சரியப்போறன்" என்றார். அந்தக் குடும்பத்தில் மருமகள் என்ற பதவி இப்படித்தான் கிடைத்தது.

புருசனுக்காகப் பிடிக்கிற விரதம் அது. புருசன்தான் இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசியில், சண்டை முடிகிற நாளில், வட்டுவாகல் பாலம் தாண்டின பிறகு, சனத்துக்குள் அவனைக் கடைசியாகக் கண்டது. இரண்டு நாளாக யாருக்கும் சாப்பாடு இல்லை. யாரோ ஒரு சிரட்டை கஞ்சி கொடுத்தார்கள். அதை யோகலிங்கத்திடம் நீட்டினாள். "பிள்ளைக்குக் குடு. நான் பிறகு குடிக்கிறன்" என்றான். மூன்று வயது மகள் சுமித்திரா முழுவதையும் குடித்து முடித்தாள். அதற்குள் ஆமிக்காரர் ஆண்களைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். "நீ பிள்ளையோட போ, நான் பின்னால வாறன்" என்று சொல்லிப் போனவன்தான். மகளுக்கு இப்போது பத்தொன்பது வயது. வவுனியாவில் தையல் ஆலையில் வேலை. ராஜினி பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை, விரதத்தையும் விடவில்லை. மாமியார் கண்ணை மூடின பிறகும் விடவில்லை. விட்டால் அவன் செத்துவிட்டான் என்று அவளே தீர்ப்பு எழுதினது போல ஆகிவிடும். காப்புக் கட்டுகிற நாளில் வெளிநாட்டில் இருக்கிற புருசன்மாருக்கு மற்றப் பெண்கள் ஒரு காப்பு மேலதிகமாக வாங்கி, லண்டனுக்கும் கனடாவுக்கும் தபாலில் அனுப்புவார்கள். ராஜினியும் ஒன்று வாங்குவாள். அவளிடம் விலாசம் இல்லை.

இனி வினோஜாவின் கதைக்கு வருவோம். அக்கராயனில் வயல் செய்கிறவரின் மகள், ஆய்வு மாணவி, இருபத்தெட்டு வயது, ஊசி போலப் பெட்டை. பூநகரிப் பக்கத்து வயல்களில் உப்பு ஏறுவதைப் பற்றித்தான் அவளுடைய ஆராய்ச்சி. ஜெயபுரத்தில் தகப்பனின் காணியில் ஒரு மூலை வெள்ளை பூத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்த ராஜினிக்கு அந்தப் பேச்சு வந்ததும் காது நீண்டது. முயலுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"நெல்லுக்குள்ள ஒரு புரதம் இருக்கக்கா. வேரில உப்புத் தண்ணி பட்டவுடன அது போய் டி.என்.ஏயில ஒரு இடத்தில ஒட்டும். ஒட்டினாத்தான் பயிர் உப்பைத் தாங்கத் தொடங்கும். ஒட்டாட்டிக் கருகிப்போம்."

"அது கண்ணுக்குத் தெரியுமோ மிஸ்?"

"தெரியாது. நெல்லுக்குள்ள ஆயிரம் புரதம். அதுக்குள்ள இதை மட்டும் காட்டிக் குடுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆளைத்தான் முயலின்ர இரத்தத்தில வளர்க்கிறம்."

காட்டிக் கொடுக்கிற ஆள் என்றதும் ராஜினியின் முகம் சுருங்கியது. வன்னியில் அது நல்ல சொல் இல்லை. வினோஜா சிரித்துவிட்டு விளக்கினாள். அந்தப் புரதத்தைத் தனியாகச் செய்து முயலுக்கு ஊசியில் ஏற்றுவார்கள். முயலின் உடம்பு, வந்தது யாரடா என்று பார்த்து, அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்கிற ஒன்றை இரத்தத்தில் உண்டாக்கும். பாடப்புத்தகத்தில் அதற்குப் பிறபொருளெதிரி என்று பெயர். இரத்தத்தை உறைய வைத்தால் மேலே தெளிகிற மஞ்சள் நீரில் அது இருக்கும். சாதாரண சாமான் என்றால் வெளிநாட்டிலிருந்து சின்னக் குப்பியில் வாங்கிவிடலாம். இந்தப் புரதத்துக்கு எந்தக் கடையிலும் குப்பி இல்லை.

மூன்று முயல்களுக்கு ஊசி போட்டார்கள். ஐந்து மாதம், மூன்று கிழமைக்கு ஒரு ஊசி. பலன் பார்க்கக் காது நரம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் இரத்தம் எடுத்தார்கள். ஒன்றாம் இலக்கத்தின் இரத்தம் எதையும் பிடிக்கவில்லை. இரண்டாம் இலக்கத்தின் இரத்தம் கண்டதையெல்லாம் பிடித்தது. எல்லாரும் தன் சொந்தக்காரர் என்று சொல்லித் திரிகிறவனை யார் சாட்சிக்குக் கூப்பிடுவது? மூன்றாம் இலக்கம் மட்டும், வெள்ளை முயல், இடது காதில் ஒரு கிழிசல், சரியாக அந்த ஒன்றையே பிடித்தது. வினோஜா படத்தைக் கொண்டுவந்து முயல்வீட்டிலேயே காட்டினாள். நல்ல தண்ணீரில் வளர்ந்த பயிரின் பக்கம் வெறுமை. உப்புத் தண்ணீரில் வளர்ந்த பயிரின் பக்கம் ஒரு கறுப்புக் கோடு. "இதாலதான் அக்கா எனக்குப் பட்டம்" என்றாள். ராஜினி அந்தக் கோட்டைக் கன நேரம் பார்த்தாள். பிறகு மூன்றாம் இலக்கத்துக்கு ஒரு பிடி அறுகம்புல் கூடப் போட்டாள்.

காதிலிருந்து எடுக்கிற சொட்டு இரத்தம் பலன் பார்க்கத்தான் காணும். ஆராய்ச்சி முழுவதற்கும் ஒரே பலமுள்ள நீர் வேண்டும் என்றால், பலம் உச்சத்தில் நிற்கிற கிழமையில், மயக்க மருந்து கொடுத்து, முழு இரத்தத்தையும் நெஞ்சிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு முயல் எழும்பாது. இது ராஜினிக்குப் புதிது இல்லை. ஐந்து வருடத்தில் எத்தனையோ முயலை அப்படிப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அவள் மடியில் முயல் துடிக்காது. துடித்தால் ஊசி பிசகும், இரத்தம் பழுதாகும். அதனால் மிருக வைத்தியர், "ராஜினி நிண்டாத்தான் வருவன்" என்று சொல்லிவைத்திருந்தார்.

அவர் வவுனியாவிலிருந்து வருவதாகச் சொன்ன செவ்வாய்க்கிழமை, விரதத்தின் பதினான்காம் நாள்.

"மிஸ், குறை நினைக்காதேங்கோ. இந்தக் கிழமை நான் பிடிக்கமாட்டன்."

"ஏனக்கா?"

"கௌரி விரதம். உயிர் போற விசயத்தில கை வைச்சிட்டு அந்தக் கையில காப்புக் கட்டேலாது. அடுத்த செவ்வாய் காப்பு. புதன்கிழமை எண்டா நானே பிடிச்சுத் தாறன்."

வினோஜா விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தாள். ஒரு கிழமை பிந்தினால் பலம் கொஞ்சம் இறங்கும், மோசமாக இறங்காது. வைத்தியரைக் கெஞ்சி, வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லியிருக்கலாம். அவளுடைய தாயும் அதே விரதம் பிடிக்கிறவர். தாய்க்குப் புருசன் வயலால் வந்து பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறார். ராஜினியின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை. வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துப் புதன்கிழமைக்கு மாற்றினாள். பொறுப்பாளர் தில்லைநாதன் சேர், "ஆராய்ச்சிக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற ஆள் நீர் ஒராள்தான்" என்று முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலைப் பூசையோடு காப்புக் கட்டினார்கள். படையலுக்கு இருபத்தொரு அரியதரம், இருபத்தொரு வடை, கதலிப்பழம், வெற்றிலை பாக்கு. ராஜினி அரியதரத்துக்கு மாவை முதல் நாளே இடித்துச் சீனிப்பாகில் குழைத்து வைத்திருந்தாள். எண்ணெயில் பொரிகிற வாசம் ஒழுங்கை முழுவதும் போனது. காப்பைக் கட்டிக்கொண்டு, விலாசம் இல்லாத காப்பையும் மடியில் முடிந்துகொண்டு, வீட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் பிரசாதப் பெட்டியோடு சைக்கிளில் ஏறினாள். பின்னேர வேலை இருந்தது.

மூன்றாம் கூட்டில் ஒரு கடுதாசி தொங்கியது: மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் மட்டும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் நீர் கலங்கிவிடும்; அது அவளுக்குத் தெரிந்த சட்டம். ஐந்து வருடமாக அவள் ஒருநாளும் அதை மீறியதில்லை. அன்று கூட்டுக்கு முன்னால் குந்தியபோது, முயல் வழக்கம்போல வலைக்கு மூக்கை வைத்து அவளுடைய விரலைத் தேடியது. புல் இல்லை. மறுபடி தேடியது. பசி.

"நாளைக்கு உன்னைப் பிடிச்சுக் குடுக்கப்போறது நான்தான்" என்று அதற்குச் சொன்னாள். "பசியோட போகாத."

இந்த இடத்தில் அவளைத் திட்ட வேண்டும் என்று எனக்கும் வாய் துடிக்கிறது. திட்டி என்ன பயன்? இரண்டு நாள் பட்டினியோடு ஒரு மனுசன் போனதைப் பதினாறு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறவளின் கையில் பிரசாதப் பெட்டி இருந்தது. முதலில் ஒரு அரியதரத்தை உதிர்த்துப் போட்டாள். முயல் நக்கிப் பார்த்து, பிறகு அவசரமாகத் தின்றது. இனிப்பென்றால் அதற்குக் கொள்ளை ஆசை போல. இன்னொன்று. இன்னொன்று. ஐந்து அரியதரமும் இரண்டு கதலிப்பழமும் போன பிறகுதான் பெட்டியை மூடினாள். வீட்டுக்கு வந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு ஆறுதலோடு தானும் சாப்பிட்டாள். நீர் கொஞ்சம் கலங்கினால் மிஸ் எப்படியும் தெளிய வைப்பா என்று நினைத்தாள். கலங்கல்தான் வரும் என்று நினைத்தாளே தவிர, சாவு வரும் என்று அவளுக்குத் தெரியாது. புல் தின்கிற குடலுக்கு மாவும் சீனியும் எண்ணெயும் நஞ்சு என்று புத்தி சொன்னவர்களில் ஒருவரும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை ஏழரைக்கு அவள் போய்ப் பார்த்தபோது, மூன்றாம் இலக்கம் பக்கவாட்டில் விறைத்துக் கிடந்தது. வயிறு ஊதி, தோல் இழுபட்டு நின்றது. தொட்டுப் பார்த்தாள், சூடு இல்லை. கூட்டைத் திறந்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஊசி போடும்போது பிடிக்கிற அதே பிடியாகப் பிடித்தபடி, வினோஜா வருமட்டும் நிலத்திலேயே இருந்தாள்.

வினோஜா வந்தாள். வாசலில் நின்றபடியே முகம் வெளிறியது. ஓடிப்போய் ஊசியை எடுத்துவந்து, தானே நெஞ்சில் குத்தி இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு இடத்தில் குத்தினாள். ஊசிக்குள் கறுத்த கட்டி ஒன்று வந்து அடைத்தது. அரை மணித்தியாலத்தில் வைத்தியர் வந்து சேர்ந்தார்.

"விடும் பிள்ளை. இது செத்துக் கன மணித்தியாலம். உள்ளுக்க எல்லாம் பழுதாப்போச்சு, இந்த இரத்தம் ஒண்டுக்கும் உதவாது."

வயிற்றைத் திறந்து பார்த்தார். புளித்த மணம் வந்தது. மாவும் எண்ணெயும் பிசைந்த களி. "இதுக்கு ஆர் பலகாரம் குடுத்தது?" என்று கேட்டார். வினோஜாவின் கண், ராஜினியின் கையில் கிடந்த புது மஞ்சள் காப்பில் போய் நின்றது. பிறகு அந்தப் பிள்ளை வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராஜினி பின்னால் போய் நின்றாள். தோளில் கை வைக்கத் தூக்கின கையைத் திரும்பக் கீழே விட்டாள்.

மறுபடி தொடங்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: ஊசியில் ஏற்றுகிற புரதம் முடிந்துவிட்டது. புதிதாகச் செய்ய ஐந்து மாதம், புது முயலுக்கு ஐந்து மாதம், அந்த முயலும் ஒன்றாம் இலக்கமாகப் போகாது என்று யார் உறுதி சொல்வது? வினோஜாவின் உதவித்தொகை மார்கழியோடு முடிகிறது. குளிர்ப்பெட்டியில் பழைய பரிசோதனை நீர் ஒரு துளி மிச்சம் இருந்தது. அதை வைத்து இன்னும் ஒரு கறுப்புக் கோடு காட்டலாம். ஒரு கோட்டுக்கு யாரும் பட்டம் கொடுப்பதில்லை.

மத்தியானம் தில்லைநாதன் சேர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கோபக்காரர்தான், ஆனால் கெட்டவர் இல்லை. மேசையில் முயல்வீட்டுப் பதிவேடு விரிந்து கிடந்தது. திகதி, கூட்டு இலக்கம், இறந்த காரணம், கையெழுத்து. காரணத்துக்குக் கீழே வெறுமையாக இருந்தது.

"வினோஜா, குடல் நோய் எண்டு எழுதும்" என்றார். "முயலுக்கு வாறதுதான். ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். உண்மையை எழுதினா விசாரணை வரும். ராஜினி நிரந்தர ஆள் இல்லை, அடுத்த நாளே நிப்பாட்டிப் போடுவினம்."

வினோஜா பேனாவை எடுத்தாள். அழுது வீங்கின முகத்தோடு அவள் ராஜினியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அதுதான் ராஜினிக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"நோய் எண்டு எழுதாதேங்கோ."

"அக்கா, விடுங்கோ. போனது போயிட்டுது. உங்கட வேலையும் போகவேணுமே?"

"நோயால சாகேல்ல பிள்ளை." ஐந்து வருடத்தில் முதல்முறையாக மிஸ் என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "என்ர மனுசனுக்கும் இப்பிடி ஒருக்கா எழுதினவை. போன வருசம் அரசாங்கக் கந்தோர் ஒண்டுக்குக் கூப்பிட்டு, மரண அத்தாட்சி தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு நீட்டினவை. வாசிச்சன். காரணம் எண்ட இடத்தில சுகவீனம் எண்டு கிடந்தது. அந்தாளுக்கு ஒருநாள் தடிமன் காய்ச்சல் வந்ததை நான் காணேல்ல. ஆர் எழுதச் சொன்னது எண்டு கேட்டன். ஏதாவது எழுதத்தானே வேணும் அம்மா எண்டு சொல்லிச்சினம்."

தில்லைநாதன் சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் கையெழுத்து வைக்கேல்ல" என்றாள் ராஜினி. "ஏதாவது எழுதினாப் போதாது. இதுக்கு என்ன நடந்தது எண்டு தெரியும், ஆரால எண்டும் தெரியும். தெரிஞ்சதை எழுதுங்கோ."

வினோஜா சேரைப் பார்த்தாள். அவர் தலை குனிந்துகொண்டார். எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தது என்று ராஜினியிடம் கேட்டு, அவள் எழுதத் தொடங்கினாள். பேனா இரண்டு தரம் நின்றது. எழுதி முடித்ததும் ராஜினி, "வாசிச்சுக் காட்டுங்கோ" என்றாள்.

"மூன்றாம் இலக்க முயல். பராமரிப்பாளர் ராஜினி யோகலிங்கம், செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான்கு மணியளவில், அறியாமல் கொடுத்த பலகாரத்தினால் வயிறு ஊதி இறந்தது."

ராஜினி ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். கண் நிரம்பி வழிந்தது, துடைக்கவில்லை. வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். அடுத்த திங்கட்கிழமையோடு போகத்தான் போனது. ஒரு பிள்ளையின் ஐந்து மாதத்தைத் தன் கையாலேயே தின்னக் கொடுத்துவிட்டோம் என்பதும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்த வரியை மட்டும்தான். யார், எப்போது, எதனால் என்று எல்லாம் அதில் இருந்தது.

"இப்பிடி ஒரு வரிக்குத்தான் பிள்ளை பதினாறு வருசமாத் திரியிறன்" என்று சொல்லிவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்து வைத்தாள்.